தன் நிழலைப் பிடித்து ஏறியவர்

அத்தியாயம் 4

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஆனைமலைக்குத் தெற்கே உள்ள கரட்டுப்புதூர் ஊராட்சி அலுவலகக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மேசைக்குப் பின்னால் வருவாய் ஆய்வாளர் ஐயாசாமி. அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, புகார் கொண்டுவந்த தென்னந்தோப்புக்காரர் தம்பிதுரை. இரண்டு நாற்காலி தள்ளி, சன்னலோரம், அவருடைய மனைவி பூவாத்தாள். வாசலை ஒட்டி, கோவை கோட்டைமேட்டிலிருந்து வந்திருந்த துப்பறிவாளர் உம்மல் குல்சும். பிளீச்சிங் பவுடர் மூட்டையின் மேல் அவருடைய உதவியாளன் சசிதர். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சசிதர் இரண்டு முறை அதை நோக்கி நகர்ந்து பார்த்தான். குல்சும் கண்ணாலேயே தடுத்துவிட்டார். அது புகாரில் பெயர் வந்த பிரவீனாவுக்குப் போட்டது; குல்சுமை வரவழைத்தவள் அவள்தான். பிரவீனா நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரு அம்மணி," என்றார் ஐயாசாமி.

"திருடின்னு எழுதி வச்சிருக்கற மேசைக்கு முன்னால நா உக்கார மாட்டேனுங்க."

பிரவீனாவுக்கு இருபத்தெட்டு வயது. போத்தனூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. புதனும் சனியும் ஷிப்ட் முடிந்ததும், தன்னைப்போல நான்கு பெண்களோடு இங்கே வந்துவிடுவாள். தம்பிதுரையின் தோப்பை ஒட்டிய புறம்போக்கில், அடுக்கி வைத்த நெல் மூட்டைகள்போலக் கிடக்கும் மூட்டைப்பாறைகளில் ஏறுவதற்கு. கயிறு கிடையாது. இரண்டாள் உயரம்தான், விழுந்தால் கீழே தடித்த மெத்தை. பகலில் பாறை சுடும், உள்ளங்கை வியர்த்து வழுக்கும். இருட்டிய பிறகு பாறை குளிர்ந்தால்தான் விரல் ஒட்டும். அதனால் விளக்கு வைத்து ஏறுகிறார்கள். பாறை ஏற அனுமதி கேட்டு ஊராட்சிக்கு அவள் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தில் இருந்தது அவள் பெயர் மட்டும்தான். எனவே புகாரிலும் அவள் பெயர் மட்டும்தான்.

"விசயம் இதுதானுங்க," என்று தம்பிதுரை தொடங்கினார். "காண்டாமிருக வண்டு புடிக்க தோப்புல சோலார் வெளக்குப் பொறி வச்சிருக்கறனுங்க. பொழுது சாஞ்சா தானா எரியும். வெளக்குக்கு அடியில தண்ணிப் பேசின். வெளிச்சத்துக்கு வர்ற வண்டு தண்ணியில உளுந்து செத்துரும். இந்த மாசத்துல மூணு தடவை பாத்துட்டேன், பொழுது எறங்குனா வெளக்கக் காணம்! விடிஞ்சா திரும்பி வந்து தொங்குது. நாப்பத்திரெண்டு தென்னங்கன்னு போச்சுங்க. குருத்தையே தின்னுபோட்டுது!"

"எந்தெந்தக் கெழமைங்க?" என்றார் குல்சும்.

"செவ்வா, வியாழன். நா பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போற நாள் பாத்து எடுத்திருக்கறாங்க. போன செவ்வாக்கெழமை மாடு ஒண்ணும் படியலீன்னு வெரசா வந்துட்டேன். வந்து பாத்தா..."

செல்போனை நீட்டினார். பாறையின் மேல், முதுகைக் காட்டியபடி ஓர் உருவம். பேண்ட், முழுக்கைச் சட்டை, தலையில் முண்டாசுத் துண்டு. பின்னால் தரையில் சோலார் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேரம் இரவு ஏழு இருபத்தைந்து.

சசிதர் எட்டிப் பார்த்தான். "படம் ஆடியிருக்குதுங்களே அண்ணா. ஓடிக்கிட்டே எடுத்தீங்களா?"

"பக்கத்துல போயி, அவிய கல்லெடுத்து அடிச்சுப்போட்டா?"

"ஓடுன திசை?"

"ஊட்டுப் பக்கம்," என்றார் தம்பிதுரை, கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

ஐயாசாமி தொண்டையைச் செருமினார். "பாரு அம்மணி. திங்கக்கெழமை காத்தால இந்த மனு போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிரும். திருட்டுக் கேசுன்னா உன்ற வேலைக்குச் சிக்கல். பாறைக்கும் ஆள் போக்கூடாதுன்னு போர்டு வெச்சிருவாங்க. அண்ணன் என்ன சொல்றாருன்னா, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தீன்னா மனுவத் திரும்ப வாங்கிக்கறாராம்."

"எழுத மாட்டேனுங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது? எடுக்காத வெளக்குக்கு நா எதுக்கு எழுதித் தரணும்? கேசு போடறதுன்னா போடுங்க."

"நீ இல்லீன்னா உன்ற கூட்டத்துல ஒருத்தி!" தம்பிதுரை குரலை உயர்த்தினார். "வெளக்கு வெச்சுப் பாறை ஏறற கூட்டம் இந்த ஊர்ல வேற எது?"

ஐயாசாமி மனுவைப் பூவாத்தாளின் பக்கம் தள்ளினார். தோப்புப் பட்டா அவர் பெயரில் இருந்ததால் கையெழுத்தும் அவருடையதுதான் வேண்டும்.

"கண்ணாடி கொண்டாரலீங்க," என்றார் பூவாத்தாள்.

"முந்தாநேத்தும் இதையேதானுங்க சொன்னீங்க."

"அன்னைக்கும் கொண்டாரலீங்க."

குல்சும் அந்தப் பக்கம் ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்தார். "ஏழரை மணிக்கு எல்லாரும் பாறைக்கு வந்துருங்க. கையெழுத்து அங்க வெச்சுக்கலாம்."

குல்சுமின் அத்தா அப்துல் முத்தலிப் கோட்டைமேட்டில் கல்யாணத்துக்கு லைட்டு வாடகைக்கு விடுபவர். மாடியில் மகளின் துப்பறியும் அலுவலகம், கீழே அத்தாவின் கடை. எந்த விளக்கை எங்கே வைத்தால் மணப்பெண்ணின் மூக்கு நீளமாகத் தெரியும் என்பது குல்சுமுக்குப் பத்து வயதிலேயே தெரியும். கார் டிக்கியில் எப்போதும் நாலைந்து விளக்குகள் கிடக்கும்.

ஆறே முக்காலுக்குப் பாறைப் பக்கம் நன்றாக இருட்டிவிட்டது. பிரவீனா மெத்தையை விரித்தாள்.

"சசி, ஏறு," என்றார் குல்சும்.

"நானா? அக்கா, நான் மாடிக்கே லிப்ட் இருந்தாத்தான் போவேன்."

"அதனாலதான் நீ. பழக்கம் இல்லாதவன் எப்படிப் பாப்பான்னு எனக்குத் தெரியணும். மொதல்ல நெத்தி லைட்டு மட்டும்."

சசிதர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாறைக்கு எதிரே நின்றான். மேலும் கீழும் பார்த்தான். "பாறை இஸ்திரி போட்டாப்ல இருக்குதுக்கா. புடிக்கறதுக்கு ஒண்ணையும் காணமே."

"அப்படித்தானுங்க தெரியும்," என்றாள் பிரவீனா. "கண்ணு இருக்கற எடத்துலயே வெளிச்சமும் இருந்தா நெழலு விழாது. நெழலு இல்லீன்னா எது மேடு எது பள்ளம்னு தெரியாது. அதை நாங்க மெத்தை சுருட்டறதுக்கும் எறங்கிப் போறதுக்கும்தான் வெச்சிருக்கறோம். அதைக் கட்டிக்கிட்டு கீழ நிக்கறவங்களத் திரும்பிப் பாத்தா அவிய கண்ணு கூசி, விழறவளப் புடிக்க முடியாமப் போயிரும்."

"சரி, அணைச்சிரு." குல்சும் ஒரு விளக்கை எடுத்து, செல்போன் படத்தைப் பார்த்துப் பார்த்து அதே இடத்தில், பாறைக்கு எதிரே பின்னால், தரையில் வைத்தார். "இப்ப ஏறு."

சசிதர் முதல் பிடியில் கை வைத்தான். இரண்டாவதைத் தேடினான். அவனுடைய நிழல் பாறை முழுக்கப் பூதம்போல எழுந்து நின்றது. "அக்கா! கைய எங்க கொண்டுபோனாலும் எனக்கு முன்னாடி ஒரு கருப்பன் வந்து மறைச்சுக்கறான்."

"அவன் பேரும் சசிதர்தான்."

"என்னைவிடக் குண்டா இருக்கறானே!"

மூன்றாவதாகப் பிரவீனா தன்னுடைய சார்ஜ் விளக்குகள் இரண்டையும் வைத்தாள். ஒன்று இடப்பக்கம் முழங்கால் உயரத்தில், இன்னொன்று வலப்பக்கம் அதைவிடச் சற்றே மங்கலாக. பாறை திடீரென்று வேறு பாறையானது. ஒவ்வொரு விளிம்புக்கும் ஓரத்தில் ஒரு கோடு நிழல். இதுவரை வழவழவென்று இருந்த இடத்தில் ஐந்தாறு பிடிகள் எழுந்து வந்தன.

"ஓரத்துல இருந்து வெளிச்சம். ஒண்ணு போடற இருட்டை இன்னொண்ணு துடைக்கும்," என்றாள் பிரவீனா. "எங்க கூட்டத்துல சேர்ந்த மொத நாளே இதைத்தான் சொல்லிக் குடுப்போம். முதுகுக்குப் பின்னால வெளக்கு வெக்கறவ எங்க ஆளு இல்லீங்க."

சசிதர் மெத்தையில் குதித்தான். "முடிஞ்சுதுக்கா! இது செட்டப் படம். தம்பிதுரை அண்ணன் எவனையோ பேண்ட் மாட்டிவிட்டு, பாறையில ஒட்ட வெச்சு, வெளக்கைக் காட்டி எடுத்திருக்காரு. சாப்பிடப் போலாமா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." குல்சும் பாறையின் இடப்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதைப் பாக்கற வரைக்கும்."

பாறையில் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. இன்னொரு வரிசை இறங்கியது. இறங்குகிற ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஒரு துணுக்கு.

"இவங்களும் உங்க கூட்டமா அம்மணி?" என்றான் சசிதர்.

பிரவீனா தன் இடுப்புப் பையைத் திறந்து காட்டினாள். "கை வேர்க்காம இருக்க நாங்க போடறது மெக்னீசியப் பொடிங்க. எறும்பு சீண்டாது."

குல்சும் பாறை வெடிப்பில் ஒட்டியிருந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "பச்சரிசி மாவு."

குல்சும் விளக்கை உயர்த்திப் பிடித்தார். முதல் பிடியில் மாவு. இரண்டாவதில், மூன்றாவதில் மாவு. நான்காவதில் அப்பிக் கிடந்தது. பல நாள், பல முறை பிடித்த கை. அதற்கு மேல் சுத்தமான பாறை.

"படத்துக்கு நடிக்க வந்தவன் மாவு கொண்டுவர மாட்டான்," என்றார் குல்சும். "நாலாவது புடியில இத்தனை தடவை தொங்கவும் மாட்டான். அஞ்சாவது புடி எங்க இருக்குது கண்ணு?"

பிரவீனா காட்டினாள். வலப்பக்கம் சற்று மேலே, ஒரு கை நீளத்தில், உதடுபோல நீண்ட விளிம்பு. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் ஏறுபவரின் தலை நிழல் சரியாக அதன் மேல்தான் விழும்.

"நெசமாவே ஏறணும்னு ஆசைப்பட்ட ஆளுங்க இது," என்றாள் மெதுவாக. "சொல்லிக் குடுக்க ஆள் இல்லாம."

தோப்புக்குள் ஐம்பது அடி தள்ளி விளக்குப் பொறி எரிந்துகொண்டிருந்தது. குல்சும் பேசினைத் தொட்டார். தண்ணீர் கலங்காமல் இருந்தது. மேலே மண்ணெண்ணெய்ப் படலம், வானவில் நிறத்தில். பக்கத்தில் செத்த வண்டுகள் ஒரு கொட்டாங்குச்சியில் தனியாக வாரி வைக்கப்பட்டிருந்தன. விளக்கின் கொக்கியைச் சுற்றி ஒரு தென்னங்கயிறு இரட்டை முடிச்சாக இருந்தது, காற்றுக்கு ஆடாமலிருக்க.

"ஏன் சசி, வெளக்கைத் திருடறவன் என்னென்ன செய்வான்?"

"வித்துருவான்."

"திருப்பிக் கொண்டுவந்து மாட்டி, தண்ணி மாத்தி, நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, வண்டை எல்லாம் வாரி வெச்சுட்டுப் போவானா?"

"அக்கா, இவன் திருடன் இல்லை. இவனை எங்கூட்டுக்கு வேலைக்குக் கூப்பிடலாம்."

குல்சும் சிரிக்கவில்லை. தோப்புக்கு அப்பால் தெரிந்த வீட்டைப் பார்த்தார். அதன் சமையலறைச் சன்னல் நேராகப் பாறையைப் பார்த்தபடி இருந்தது.

ஏழரைக்கு மூவரும் வந்தார்கள். ஐயாசாமி மனுவோடு, தம்பிதுரை டார்ச்சோடு, பூவாத்தாள் வெறுங்கையோடு.

குல்சும் விளக்கையும் நிழலையும் செய்து காட்டினார். பிரவீனாவின் கூட்டம் புதன், சனி; விளக்கு காணாமல் போனது செவ்வாய், வியாழன் என்றார். எறும்பையும் காட்டினார். "இந்தப் பொண்ணுகள்ல யாரும் எடுக்கலீங்க. அதுக்கு மேல எனக்கு வேலை இல்லை."

"அப்ப எடுத்தது யாரு?" என்றார் தம்பிதுரை.

"தெரியும். ஆனா பேரை நா சொல்லப்போறதில்லீங்க."

ஐயாசாமி கையை விரித்தார். "அதெப்படிங்க? மாவும் எறும்பும்னு நா ரிப்போர்ட் எழுத முடியுமா? ஒரு பேரு வேணுமில்லீங்களா? பேரு இல்லீன்னா மனுவுல இருக்கற பேரோடதான் போகும்."

பிரவீனா குல்சுமைப் பார்த்தாள். பிறகு சமையலறைச் சன்னலைப் பார்த்தாள். பிறகு வேறெங்கும் பார்க்காமல் ஐயாசாமியின் முன்னால் போய் நின்றாள்.

"என்ற பேரோடயே போகட்டுங்க."

"ஏம்மா, பைத்தியமா உனக்கு?"

"ஸ்டேசன்ல வந்து நா பேசிக்கறேன். பாறை ஏறுனவங்களக் காட்டிக் குடுக்கச் சொன்னீங்கன்னா அது நம்மகிட்ட நடக்காதுங்க."

"எதுக்குக் கண்ணு உன்ற பேரு?"

குரல் பின்னாலிருந்து வந்தது. பூவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "நாந்தானுங்க எடுத்தது. நாந்தானுங்க ஏறுனது."

தம்பிதுரையின் டார்ச் வெளிச்சம் மனைவியின் முகத்துக்கும் பாறைக்கும் இடையில் இரண்டு முறை போய்வந்தது. "பூவா, என்ன உளர்றே? அந்த ஆளு பேண்ட்டு போட்டிருந்தான்!"

"உங்க பேண்ட்டுதானுங்க. போன தீவாளிக்கு எடுத்து, இடுப்பு பத்தலீன்னு கடாசுனீங்களே, அது. எனக்குச் சரியா இருக்குது."

சசிதர் திரும்பி நின்று இருமினான்.

"கண்ணாடி இல்லாமயேங்களா ஏறுனீங்க?" என்றார் ஐயாசாமி, என்ன கேட்பது என்று தெரியாமல்.

"எனக்குத் தூரத்துல இருக்கறது, கிட்ட இருக்கறது எல்லாம் நல்லாத்தேன் தெரியுதுங்க. அந்த மனுவுலதான் கையெழுத்துப் போட மனசில்லை."

"உனக்கு வயசென்ன? நாப்பத்தெட்டு!" தம்பிதுரைக்கு மூச்சு வாங்கியது. "இந்த வயசுல பாறையில தொங்கறாளாமா! ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?"

"பேசட்டுங்க. இருபத்தாறு வருசமா சோறாக்கும்போது இந்தப் பாறையத்தான் பாத்துட்டு இருக்கறேன். இந்தப் புள்ளைக வந்து ஏறறதுக்கு முன்னால அது ஏறற பாறைன்னே எனக்குத் தெரியாது. ஒரு நாள் போயிப் பாத்தேன். மூணாவது புடி வரைக்கும் போயிட்டேன். அன்னைக்கு ராத்திரி சந்தோசத்துல எனக்குத் தூக்கமே வரலீங்க. நீங்க பக்கத்துலதான் கொறட்டை உட்டுட்டு இருந்தீங்க."

"வெளக்கை எடுத்துட்டுப் போயி நாப்பத்திரெண்டு கன்னைத் தின்ன உட்டுட்டியே!"

"ஒரு மணி நேரம் வெளக்கு நகந்ததுல கன்னு போகலீங்க. வண்டு முட்டை வெக்கறது உங்க எருக்குழியில. மூணு மாசமா கிளறிப் புழுவ எடுங்க, எடுங்கன்னு சொல்றேன். எடுத்தீங்களா?"

பூவாத்தாள் ஐயாசாமியின் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், தோப்புப் பட்டா யார் பேர்ல இருக்குது?"

"உங்க பேர்லதானுங்க."

"அந்த சோலார் வெளக்கு மானியத்துல வந்தது. அது யார் பேர்ல?"

ஐயாசாமி காகிதத்தைப் புரட்டினார். டார்ச்சைக் கேட்டு வாங்கிப் படித்தார். "பூவாத்தாள், க/பெ தம்பிதுரை. உங்க பேர்லதானுங்க."

"என்ற வெளக்க நா எடுத்தா அது திருட்டுங்களா?"

"இல்லீங்க," என்றார் ஐயாசாமி. மனுவை நான்காக மடித்தார்.

சசிதர் குல்சுமின் காதருகே வந்தான். "அக்கா, திருட்டுப் போன பொருளோட சொந்தக்காரி, திருடி, புகார் மனுதாரர், மூணும் ஒரே ஆளு. சாட்சி மட்டும் புருசன். இப்படி ஒரு கேசு நம்ம சர்வீசுல இல்லை."

பூவாத்தாள் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். சேலையைக் கச்சமாக இழுத்துக் கட்டினார். பிரவீனா தன் பொடிப் பையை நீட்டினாள். அவர் பொடிக்குள் கையை விட்டுத் தேய்த்து, "நல்லாத்தேன் இருக்குது, எறும்புக்குத்தான் நட்டம்," என்றார்.

"பூவா, எறங்கு. சொல்றேனில்ல."

"நா இன்னும் ஏறவே இல்லீங்க."

இரண்டு பக்கமும் விளக்கு. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது பிடியில் அவர் நின்றார். வழக்கமாக விழும் இடம். தலையைத் திருப்பி வலப்பக்கம் பார்த்தார்.

"அட! இங்கயே இருக்குதா இது? இத்தனை நாளு என்ற தலைதானா மறைச்சுட்டு நின்னுது!"

கை போனது. ஐந்தாவது விளிம்பை நான்கு விரல் பற்றியது. காலைத் தூக்கினார், கால் வழுக்கியது, மெத்தையில் பொத்தென்று விழுந்தார். தம்பிதுரை ஓடி வந்தார். அதற்குள் அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு மறுபடி பாறையின் அடியில் நின்றார்.

"கீழ நிக்கறவங்க கையை உசத்தி, முதுகத் தாங்கறாப்ல வெக்கணுங்க," என்றாள் பிரவீனா, யாரிடம் என்று சொல்லாமல்.

தம்பிதுரை சட்டைக் கையை மடக்கிவிட்டார். பிறகு, "அந்த வலப்பக்கத்து லைட்டைக் கொஞ்சம் எறக்கி வைய்யா, கண்ணுல அடிக்குது," என்று சசிதரிடம் எரிந்து விழுந்தார். திட்டிக்கொண்டே இரண்டு கையையும் உயர்த்தினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆனைமலைத் தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. மனுவை முடித்துவைக்க வட்டாட்சியருக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று ஐயாசாமி கேட்டிருந்தார். 'விளக்கு கிடைத்துவிட்டது' என்று ஒரு வரி போதும் என்றார். பூவாத்தாள் அதை மறுத்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்பதாம் வகுப்பில் பழகிய வட்ட வட்டமான எழுத்தில், இன்லண்டுத் தாளுக்கு அடங்காது என்று முழு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினார். பிரவீனா பக்கத்தில் இருந்தாள். ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. தம்பிதுரை வாசலில் வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஆனால் கொண்டுவந்து விட்டவர் அவர்தான்.

முடித்ததும் குல்சும் கேட்டு வாங்கிப் படித்தார்.

'ஐயா, விளக்கு காணாமல் போகவில்லை. அது என்னுடையது. நான் எடுத்தேன், நான் வைத்தேன். செல்வி பிரவீனா பேரில் கொடுத்த மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். இனி புதனும் சனியும் மாலை ஏழு முதல் எட்டரை வரை அவர்களோடு நானும் மூட்டைப்பாறையில் ஏறுவேன். தோப்பு விளக்கு தோப்பிலேயே இருக்கும். பாறைக்குத் தனியாக இரண்டு விளக்கு வாங்கப் போகிறேன். முழங்கால் உயரத்தில் வைப்போம், சாலையில் போகிறவர் கண்ணில் அடிக்காது, எட்டரைக்கு அணைத்துவிடுவோம். பாறைக்குப் போகும் வழி என் நிலத்தில் இருக்கிறது. அந்த வழியை நான் அடைக்கப் போவதில்லை. பொம்பளைகள் பொழுது சாய்ந்து பாறை ஏறலாமா என்று யாராவது உங்களிடம் கேட்டால், கேட்கிறவர் பேரையும் விலாசத்தையும் எனக்கு எழுதி அனுப்பவும். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.'

"ஒரு எழுத்தும் மாத்த வேண்டாமுங்க," என்றார் குல்சும்.

பூவாத்தாள் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். கவுண்டரில் இருந்த பசையை விரலில் எடுத்து ஓரம் முழுக்கத் தடவி, மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். வட்டாட்சியரின் விலாசத்தைச் சரிபார்த்தார்.

"ஸ்பீட் போஸ்ட்டுங்களா?" என்றார் கவுண்டர்காரர், உறையை எடை போட்டபடி. "உள்ள என்னங்க, மனுவா?"

"மனு இல்லீங்க. தகவல்."

முத்திரை விழுந்தது. உறை பையினுள் போனது.